கம்பியில் ஓடும் தொனி

தொலைபேசிக் கேபிளின் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி என்று டோன் புரோபைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களும் அப்படியே நம்பி, ஒரு முனையில் டோன் ஜெனரேட்டரை மாட்டிவிட்டு, மறுமுனை நோக்கிப் புரோபை நீட்டிக்கொண்டு நடந்தால் பழுது தானாக வந்து அகப்படும் என்று எண்ணி, பகல் முழுதும் வெயிலில் அலைந்து, கடைசியில் கருவியைக் குறை சொல்லித் திரும்புவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். உள்ளபடி நோக்கினால் அந்தக் கருவி பழுதைக் காட்டுவதில்லை. அனுப்பிய தொனி எந்தக் கம்பியில் இருக்கிறது, எதுவரை வருகிறது, எவ்விடத்தில் மெலிகிறது என்ற செய்திகளை மட்டும் அது செவிக்கு எட்டச் செய்கிறது. அவற்றைக் கொண்டு பழுது இன்னது, இன்ன இடத்தில் உள்ளது என்று நிர்ணயம் செய்வது கேட்பவனுடைய புத்தியின் காரியம். அந்த நிர்ணயம் எந்தப் பழுதில் சாத்தியம், எதில் அசாத்தியம், அசாத்தியமான இடத்தில் வேறு எந்த உபாயத்தை நாட வேண்டும் என்பவற்றை ஒருசேர வைத்து ஆராயவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

கருவியின் அமைப்பு எளியது. டோன் ஜெனரேட்டர் என்பது ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறு பெட்டி. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் கிளிப்போடு தொங்கும். விநாடிக்குச் சுமார் ஆயிரம் அதிர்வுள்ள ஒரு தொனியை, அல்லது ஒன்றை அடுத்து ஒன்றாக மாறி மாறி ஒலிக்கும் இரண்டு தொனிகளை, அது கம்பியில் ஏற்றுகிறது. புரோப் என்பது தடித்த பேனாவைப் போன்ற ஒரு கோல். முனையில் மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக்கோ உலோகமோ இருக்க, வயிற்றில் ஒலிபெருக்கும் சர்க்யூட்டும், பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரமும், கடையில் சிறிய ஸ்பீக்கரும் அடங்கியிருக்கும். ஆயிரம் அதிர்வு என்று தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைத் தாங்கிச் செல்வதற்கென்றே அமைந்தது. நம் செவியும் அந்த எல்லைக்குள்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. அன்றியும் எங்கும் பரவி நிற்கும் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலிலிருந்து அந்தத் தொனி வெகுதூரம் விலகி நிற்கிறது. இரட்டைத் தொனி இன்னும் சிறப்பு. ஏனெனில் ஒரே சீராக ஒலிப்பதைச் செவி சிறிது நேரத்தில் பழகி மறந்துவிடும், ஏறி இறங்குவதையோ எத்தனை இரைச்சலின் நடுவிலும் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதை அறியாமல் புரோபைக் கையில் எடுப்பது வீண் சிரமம். கம்பியில் தொனி ஏறும்போது அதைச் சுற்றி இருவகைப் புலங்கள் தோன்றுகின்றன. ஒன்று மின்னழுத்தத்தால் உண்டாகும் மின்புலம். மற்றொன்று மின்னோட்டத்தால் உண்டாகும் காந்தப்புலம். சாதாரணப் புரோபின் முனை பிடிப்பது முன்னதை. ஆகையால் கம்பியின் மறுமுனை எதிலும் சேராமல் அந்தரத்தில் நின்றாலும், அதாவது ஓட்டமே இல்லாவிட்டாலும், அழுத்தம் இருக்கும் வரை தொனி கேட்கும். ஆனால் மின்புலத்தை ஒரு மெல்லிய உலோகத் தாளும் மறைத்துவிடும். பழைய ஈய உறைக் கேபிளிலும், அதற்குப் பின் வந்த ஜெல்லி நிரப்பிய பாலிதீன் கேபிளின் அலுமினியப் படலத்திலும், அது வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. காந்தப்புலத்தின் சுபாவம் வேறு. ஆயிரம் ஹெர்ட்ஸில் அலுமினியத்தினுள் அது இரண்டரை மில்லிமீட்டருக்கும் அதிகமாக ஊடுருவக் கூடியது. கேபிளின் படலமோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம். எனவே ஓட்டம் இருக்குமானால், முனையில் கம்பிச்சுருள் வைத்த புரோப் உறையைப் பிரிக்காமலே அதைக் கேட்டுவிடும். இரும்புப் பட்டை சுற்றிய கேபிளில்தான் அதுவும் பெரிதும் மங்கிப்போகும். இந்த இரண்டு புலங்களில் தான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாதவன் மௌனத்தைக் கண்டு பழுது என்றும், ஒலியைக் கேட்டு நலம் என்றும் மயங்குவான்.

மறைந்திருப்பதைத் தொனியால் தேடும் இந்த வித்தை தொலைபேசியின் பிள்ளைப் பிராயத்திலேயே பிறந்துவிட்டது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டு எங்கே இருக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொலைபேசிக்குப் பேடண்ட் பெற்றிருந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், டேவிட் ஹியூஸ் அமைத்த தூண்டல் தராசை ஒட்டி ஒரு கருவியைச் செய்து, அதன் சுருள்களை நோயாளியின் உடல்மேல் நகர்த்தி, தொலைபேசி ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். ஜூலை 26-லும் ஆகஸ்ட் 1-லும் இருமுறை முயன்றும் பயன் கிட்டவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் எங்கும் ஒலியெழுப்பிக் குழப்பின. வைத்தியர் தேட அனுமதித்ததோ வலப்பக்கத்தை, குண்டு கிடந்ததோ இடப்பக்கத்தில். செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி காலமானார். கருவி பொய் சொல்லவில்லை என்பதையும், தேடும் இடமும் சூழலும் தவறினால் மெய் சொல்லும் கருவியும் பயன் தராது என்பதையும் நினைக்கும்போது, நம் தெருவோரக் குழிகளில் அன்றாடம் நடப்பது எனக்கு நினைவு வராமல் போவதில்லை. அதே ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி பெல்லுக்கு இன்னொரு பேடண்டும் கிடைத்தது: இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, அயல் கம்பிகளின் தூண்டலை நீக்கும் முறை. தொனியைக் கேட்கும் கலையும், தொனி வெளியே கசியாமல் காக்கும் முறுக்கும் ஒரே மாதத்தில் ஒரே மனிதரிடத்தில் சந்தித்தது வியப்புக்குரியது. ஏனெனில் புரோபின் தொழில் முழுதும் அந்த முறுக்கோடு நடத்தும் போராட்டமே.

சென்னையில் முதல் எக்ஸ்சேஞ்சு 1882 ஜனவரி 28-இல் கல்கத்தா, பம்பாய் எக்ஸ்சேஞ்சுகளோடு ஒரே நாளில் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து நம் நாட்டுக் கேபிள்காரர்களிடையே பழுதுகளுக்கென்று ஒரு தனி பாஷையே வளர்ந்து வந்திருக்கிறது. கம்பி அறுந்தால் 'டிஸ்'. ஜோடியின் இரு கம்பிகளும் தம்முள் தொட்டுக்கொண்டால் 'லூப்'. ஒரு கம்பி தரையோடு சேர்ந்தால் 'எர்த்'. வேறொரு ஜோடியின் கம்பியோடு ஒட்டினால் 'காண்டாக்ட்'. முற்றிலும் சேராமல், ஈரத்தால் காப்புக் குன்றியிருந்தால் 'லோ இன்சுலேஷன்'. கேபிள் துண்டுகளை இணைக்கும் ஜாயின்டர் கைதவறி ஒரு ஜோடியின் கம்பியை இன்னொரு ஜோடியின் கம்பியோடு இணைத்துவிட்டால் 'ஸ்பிளிட்'. சந்தாதாரர் சொல்லும் புகார் ஒன்றேயாயினும், டெஸ்ட் டெஸ்கில் இருப்பவர் மீட்டரை வைத்துப் பார்த்து இவற்றுள் இன்னதென்று பிரித்துச் சொன்ன பிறகுதான் புரோபுக்கு வேலை. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிஸ் பழுதில் புரோப் மிக நன்றாகத் துணை செய்கிறது. அறுந்த கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே தொனியை ஏற்றினால், அறுந்த இடம் வரை அழுத்தம் குறையாமல் நிற்கும்; அப்பால் இராது. ஆயினும் அடுத்தடுத்துக் கிடக்கும் நூறு கம்பிகளுள் தொனி பக்கத்துக் கம்பிகளுக்குத் தொற்றி, அவற்றின் வழியாக அறுந்த இடத்தையும் கடந்து, அப்பாலுள்ள துண்டிலும் மெல்லியதோர் ஆவியொலியாக எழும்பும். அதை மெய்யொலி என்று நினைத்து ஒரு ஜாயின்ட் தாண்டிப் போய்த் தோண்டியவர்கள் பலர். இதற்கு மாற்று எளிது: உபயோகத்தில் இல்லாத பக்கத்து ஜோடிகளையும், பழுதுபட்ட கம்பியின் மறுமுனையையும் எர்த்தில் சேர்த்துவிட்டால் ஆவியொலி அடங்கிப்போகும். பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு ஜாயின்டாகத் திறந்துகொண்டு வருவது மூடத்தனம்; நடு ஜாயின்டைத் திறந்து கேட்டு, தொனி இருந்தால் அப்பால் பாதியிலும் இல்லாவிட்டால் இப்பால் பாதியிலும் தேடினால், எட்டுப் பகுதிகள் உள்ள கேபிளில் மூன்றே திறப்புகளில் பழுதுள்ள பகுதி தெரிந்துவிடும்.

அந்த மூன்று திறப்பும்கூட அதிகம் என்பேன். ஒரு ஜாயின்டைத் திறப்பது என்றால் என்ன என்று குழிக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், சாலையோரக் குழியில் தேங்கிய நீரை வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, ஒரு முதிய ஜாயின்டர் சாக்கை விரித்து உட்கார்ந்து ஜாயின்டை மூடிய ஸ்லீவை அறுத்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே ஜெல்லி அப்பிய கம்பிகள் கொத்துக் கொத்தாக வெளிவந்தன. பழந்துணியால் துடைத்துத் துடைத்து, கொத்துகளை விரல்களால் விசிறி போல் விரித்து, இடக்கையில் புரோபைப் பிடித்து அதன் முனையால் ஒவ்வொரு கொத்தையும் தடவிக்கொண்டே போனார். எல்லாக் கொத்திலும் தொனி இருந்தது. ஒரு கொத்தில் சற்றே மிகுதி. அவர் சக்கரத்தைத் திருப்பி ஒலியைக் கூட்டவில்லை, குறைத்தார். இன்னும் குறைத்தார். கேட்கிறதா இல்லையா என்னும் நிலைக்கு வந்தபின், அந்தக் கொத்தின் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விரலிடுக்கில் தூக்கிப் பிடித்தார். சிவப்பும் ஆரஞ்சுமான ஒரு ஜோடி மட்டும் தெளிவாகப் பேசியது. அதன் இரு கம்பிகளையும் திருப்புளியின் நுனியால் ஒருகணம் சேர்த்தார்; தொனி அணைந்தது. எடுத்தார், எழுந்தது. இரண்டாம் முறையும் செய்து பார்த்துவிட்டு, "இதுதான் தம்பி" என்றார். ஒலியைக் கூட்டினால் எல்லாக் கம்பியும் கத்தும், குறைத்தால்தான் உரிய கம்பி தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மீண்டும் கம்பிகளை யு.ஒய். கனெக்டர்களால் இணைத்து, ஸ்லீவைச் சுற்றி, புளோ லாம்பால் சூடேற்றி மூடி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. எவ்வளவு கவனமாக மூடினாலும் ஒருமுறை திறந்த ஜாயின்டில் அடுத்த மழைக்கு நீர் புக இடம் உண்டாகிவிடுகிறது. ஒவ்வொரு திறப்பும் நாளைய பழுதுக்கு வித்து ஆகையால், திறக்காமலே பெறக்கூடிய செய்திகளை எல்லாம் முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

லூப் பழுதில் தொனியின் போக்கு நேர்மாறானது. கம்பிகள் சேர்ந்த இடத்தில் அவற்றிடையே அழுத்தம் இல்லாமற் போவதால், சாதாரணப் புரோபின் ஒலி பழுதை நெருங்க நெருங்கச் சிறுகச் சிறுக மெலிந்து, எங்கே நின்றது என்று துணிந்து கூற முடியாதபடி தேய்ந்துபோகும். ஆனால் சேர்க்கை வழியாக ஓட்டம் நன்றாகப் பாய்கிறது. இங்கே சுருள் வைத்த புரோப் எடுத்தால் அற்புதமான ஓர் அனுபவம் கிட்டும். வெளியே தெரியும் கேபிளின் மீது அதை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், தொனி ஒரே சீராக இராமல், சில அங்குலத்துக்கு ஒருமுறை ஓங்கித் தாழ்ந்து, தாழ்ந்து ஓங்கி வரும். கம்பிகளின் முறுக்கு ஒவ்வொரு சுற்றிலும் புரோபுக்கு முகம் காட்டி மறைவதே இதற்குக் காரணம். உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத முறுக்கைச் செவி எண்ணிக்கொண்டு போகிறது என்று சொல்லலாம். சேர்க்கையைத் தாண்டியதும் இந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும். கேபிள் சுவரிலோ கம்பத்திலோ மேன்ஹோலிலோ வெளிப்பட்டுக் கிடக்கும் இடங்களில் இதற்கு இணையான உபாயம் இல்லை. புதைந்த இடத்தில் இவ்வளவு நுண்மை கிட்டாது.

ஸ்பிளிட் பழுதை மீட்டர் எளிதில் காட்டிக்கொடுக்காது. கம்பிகள் இரண்டும் முனைக்கு முனை தொடர்ந்தே இருக்கும், காப்பும் நன்றாகவே இருக்கும், பேச்சில் மட்டும் அயலார் பேச்சு கலந்து வரும். ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையே தொனியை ஏற்றினால், சரியான முறுக்கு உள்ள வரை அது ஒரே ஜோடிக்குள் அடங்கி நிற்கும். தவறிணைத்த ஜாயின்டுக்கு அப்பால் இரண்டு ஜோடிகளில் ஒவ்வொரு கம்பியிலுமாகப் பிரிந்து ஒலிக்கும். இந்த ஒரு பழுதில் புரோபின் தீர்ப்பே முதன்மையானது.

எர்த், லோ இன்சுலேஷன் ஆகியவற்றில் புரோபை நம்புவது பெரும்பிழை. ஈரம் ஏறிய இடத்தில் கம்பிக்கும் தரைக்கும் இடையே பல ஆயிரம் ஓம்ஸ் தடை இருக்கும். ஆயிரம் ஹெர்ட்ஸ் தொனிக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டே அன்று. கம்பியின் இயல்பான கொள்திறன் வழியாகவே அதைவிட அதிக ஓட்டம் எங்கும் கசிந்துகொண்டிருக்க, தொனி பழுதைக் கடந்து மறுமுனை வரை ஆரோக்கியமாகப் போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலப் பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே ஆகையால், நம் பிரதேசத்தில் புரோபுக்கு வந்த அபகீர்த்தி இங்கிருந்தே வந்தது. இவற்றுக்கு உரியவை காப்பின் தடையை அளக்கும் மெக்கரும் பிரிட்ஜும். பழுதான கம்பியை நல்ல கம்பி ஒன்றோடு மறுமுனையில் சேர்த்து வளையமாக்கி, வீட்ஸ்டன் பிரிட்ஜின் தத்துவத்தால் தடைகளின் விகிதத்தைக் கண்டு தூரத்தைக் கணக்கிடும் மர்ரே, வார்லி முறைகள் தந்தி யுகத்தில் தோன்றியவை. இன்றும் அவற்றை மிஞ்சியவை அதிகமில்லை. அரை மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம்ஸ். ஆகவே ஓர் ஓம் தவறினால் பன்னிரண்டு மீட்டர் தவறும். ஓம்ஸிலிருந்து நேரே தூரம் கணக்கிடுவோர் வெப்பத்தையும் மறக்கலாகாது: பத்து டிகிரி வேறுபாட்டில் செம்பின் தடை ஏறக்குறைய நூற்றுக்கு நாலு மாறும், ஒரு கிலோமீட்டரில் அது நாற்பது மீட்டர். சித்திரை வெயிலில் கம்பத்தின் மேல் தொங்கும் கேபிளும் மண்ணுக்குள் கிடப்பதும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை என்பது சொல்லத் தேவையில்லை. உறை கிழிந்து தரையோடு சேர்ந்த பழுதானால், கம்பியில் ஒரு சைகையை அனுப்பி, தரையில் இரு கூர்முனைகள் உள்ள சட்டத்தை ஊன்றி ஊன்றிப் பார்த்து, திசைமுள் எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்தில் தோண்டலாம்.

டிஸ் பழுதுக்கும் முதலில் அளவையே உகந்தது. நல்ல கம்பியின் கொள்திறனையும் அறுந்த கம்பியின் கொள்திறனையும் ஒரே முனையிலிருந்து அளந்தால், அவற்றின் விகிதமே தூரத்தின் விகிதம்: 1200 மீட்டர் கேபிளில் பின்னது முன்னதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் கம்பி 800 மீட்டரில் அறுந்திருக்கிறது. துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியைத் திரையில் காட்டும் டி.டி.ஆர். கருவியும் இதற்கு நல்லது. பாலிதீன் கேபிளில் துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், அதாவது மைக்ரோ விநாடிக்கு இருநூறு மீட்டர் ஓடுகிறது. போய்த் திரும்பப் பத்து மைக்ரோ விநாடி ஆனால் பழுது ஒரு கிலோமீட்டரில் உள்ளது. அறுப்பு மேல்நோக்கியும் லூப் கீழ்நோக்கியும் வளைந்து தோன்றும். ஆயினும் எண்ணூறு மீட்டர் என்று கருவி சொல்வது கேபிளின் நீளத்தில். தெருவில் எண்ணூறு மீட்டர் வேறு. மேன்ஹோலில் சுருட்டி வைத்த மிச்சமும், பள்ளத்தில் இறங்கி ஏறியதும், வரைபடத்தில் ஏறாத திருப்பமும் கணக்கைக் குலைக்கின்றன. அளவைக் கருவி இன்ன ஜாயின்டின் சுற்றுவட்டாரம் என்று நம்மைக் கொண்டு வந்து நிறுத்த, அங்கே நூறு ஜோடிகளுள் உரிய ஜோடியை எடுத்துத் தருவது புரோப். அதன் மெய்யான ஸ்தானம் இதுவே.

ஒரு வார்த்தை பந்தோபஸ்துக்காக. எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பாட்டரி ஜோடியில் இருக்கும்போது டோன் ஜெனரேட்டரை மாட்டினால் கருவியும் கெடலாம், தொனியும் மங்கும்; ஆகையால் எக்ஸ்சேஞ்சில் கேபிள்கள் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டே மாட்ட வேண்டும். மணி அடிக்கும்போது அதே கம்பியில் எழுபது வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் வரும் என்பதை ஈரக் குழிக்குள் வெறுங்காலோடு இருப்பவர் மறக்கக் கூடாது. ஆபீஸ்களின் நெட்வொர்க் கேபிளில், மறுமுனை ஸ்விட்சில் செருகியிருந்தால் தொனி அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர்களில் அடங்கிப் போவதால், அதற்கென டிஜிட்டல் குறிப்பைத் தொனியாக்கும் புரோப்கள் வந்திருக்கின்றன.

இப்போது செம்பு மண்ணுக்குள்ளேயே கைவிடப்பட்டு, அதன் இடத்தில் கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. இழையைச் சுற்றிப் புரோப் கேட்கத்தக்க மின்புலமும் இல்லை, காந்தப்புலமும் இல்லை. தூரத்தைக் காண ஒளித் துடிப்பை அனுப்பும் ஓ.டி.டி.ஆர்., முறிவைக் காணச் சிவப்பு ஒளி என்று கருவிகள் மாறிவிட்டன. எனினும் நூறு இழைகளுள் உரிய இழை எது என்ற பழைய கேள்வி மாறவில்லை. அதற்கு இழையின் ஒரு முனையில் ஒளியை 270 ஹெர்ட்ஸ், ஒரு கிலோஹெர்ட்ஸ், இரண்டு கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கில் மினுக்கி அனுப்புகிறார்கள். மறுபுறம் ஜாயின்டர் இழையைச் சிறு கவ்வியில் வைத்து லேசாக வளைக்க, வளைவில் துளி ஒளி கசிய, அந்தக் கசிவில் தொனியை அறிந்து கருவி கூவுகிறது. சென்ற மாதம் ஓர் இளைஞர் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இழைகளை வளைத்துக்கொண்டு வந்து, ஒன்றில் கூவல் கேட்டதும் நிறுத்தி, மறுமுனையில் இருந்தவரை அலைபேசியில் அழைத்து, "அண்ணே, ஒரு தடவை நிறுத்திப் போடுங்க" என்றார். நிறுத்தினார், அடங்கியது. போட்டார், எழுந்தது.